பணியக்கணக்கைப் பலகையில் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 31 வருடம் தபால் கொடுத்தவன் நான். கந்தோரில் மூட்டையைப் பிரித்தால் பாதிக் கடிதங்களில் வீட்டு இலக்கமே இருக்காது. 'பணியக்கணக்கு, கொய்யாமரத்து லயம், தொங்கக் காம்பரா' என்றுதான் எழுதியிருக்கும். அது போதும், கடிதம் சேர்ந்துவிடும். தோட்டத்தின் பிரிவைக் கணக்கு என்போம். லயம் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், தொங்கக் காம்பரா அதன் கடைசி அறை. பணிய என்றால் கீழே.

போன மாதம் பேத்தி கைபேசியில் ஒரு ஊரைக் காட்டினாள். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே, ஓர்க்னித் தீவுகளில் ட்வாட் என்ற சிற்றூர். ஷெட்லாந்திலும் அதே பெயரில் ஒன்று உண்டாம். ஆங்கிலக் காதுக்கு அது கெட்ட வார்த்தை. ஆனால் அது ஆங்கிலமே இல்லை. நோர்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் பழைய நோர்ஸ் மொழியில் 'த்வெய்ட்' என்றால் பிரித்தெடுத்த நிலம். நாம் துண்டுக் காணி என்போமே, அதுதான். 1468இல் ஓர்க்னியையும் மறுவருடம் ஷெட்லாந்தையும் டென்மார்க்-நோர்வே அரசர் தன் மகளின் சீதனத்துக்காக ஸ்கொட்லாந்திடம் அடகு வைத்தார். மீட்கவே இல்லை. அந்தத் தீவுகளின் நோர்ன் பேச்சும் பின்னாளில் அழிந்துபோனது. ஊர்ப்பெயர் இன்னும் நிற்கிறது.

இங்கே பொகவந்தலாவையிலேயே கெர்க்கஸ்வோல்ட் தோட்டம் இருக்கிறது. அந்த 'கெர்க்'கும் நோர்ஸ் வழி வந்த சொல்தான், தேவாலயம் என்று அர்த்தம். துரைமார் கொண்டுவந்த பெயர் இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் தோட்டத்தில் 7 பேர்ச் காணிகளில் புது வீடுகள் திறந்தார்கள். பலகையில் திட்டத்தின் பெயரும், திறந்தவர்களின் பெயர்களும். பணியக்கணக்கு என்ற சொல் ஒரு மூலையிலும் இல்லை. என் அக்காவுக்கு 82 வயது. அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்தெடுத்தவர். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இது எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்கு இலக்கம் கட்டாயம் வேண்டும். முகவரி சரியில்லாமல் பிள்ளைகளின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் கந்தோரில் கிடந்து பிந்தியதைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் பலகை எழுதுமுன் தோட்டத்து வயசாளிகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாம்புமலை, சுமைதாங்கி மலை, பீலிக்கரை லயம் என்று எங்கள் தோட்டத்துப் பெயர்கள் 46ஐ ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டு வருபவர்களுக்குத் தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தபால்காரர்,
பொகவந்தலாவை