கும்லாவில் திருச்சபை நேற்று முளைத்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மிஷனரிச் சிறப்பிதழில் ஜார்க்கண்டின் கும்லா நகரப் பணித்தளம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வங்கி வேலையாக அந்த ஊரில் சில வருஷம் இருந்தவன் என்பதால் ஒரு வரி விடாமல் படித்தேன். நம் பிள்ளைகள் அத்தனை தூரம் போய், இந்தி கற்று, மலேரியாவில் விழுந்து எழுந்து ஊழியம் செய்வதைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் "காரிருளில் கிடக்கும் ஆதிவாசிகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

கோஸ்னர் மிஷனின் ஜெர்மானியர்கள் நான்கு பேர் ராஞ்சிக்கு வந்தது 1845இல். பல வருஷம் ஒருவரும் சேரவில்லை. 1850இல்தான் ஓராவோன் பழங்குடியினர் நால்வர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த மிஷனில் பிறந்த லுத்தரன் சபை தன்னாட்சி பெற்ற வருஷம் 1919. நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானதும் அதே வருஷம்தான். சொந்தக் காலில் நின்ற கணக்கில் அவர்கள் நமக்குத் தம்பி அல்ல. கத்தோலிக்கர் பக்கம் பார்த்தால், 2003இல் கர்தினாலான டெலஸ்போர் டோப்போ இதே கும்லா மாவட்டத்து ஓராவோன். அவர் காலமாகிச் சில வருஷம்தான் ஆகிறது. இவர்களைத்தான் நாம் 'எட்டப்படாத மக்கள்' பட்டியலில் சேர்த்து ஜெபக்குறிப்பு அச்சடிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கும்லா தெருக்களைப் பார்க்க வேண்டும். சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆலயத்துக்குப் போவார்கள். உள்ளே 'மாந்தர்' என்ற மேளம் அதிரும், ஓராவோன்களின் குருக் மொழியில் பாட்டு எழும். (குருக்கும் நம் திராவிடக் குடும்பத்து மொழிதான்.) நம் ஊர் ஊழியர் ஒருவர் ஒரு நாள் அங்கே பிரசங்கம் செய்தார். எல்லாம் இந்தியில். பின்வரிசைப் பாட்டிகள் மரியாதைக்காகக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த மக்கள் சபைக்குள் வந்த கதையில் நிலத்துக்குப் பெரிய இடம் உண்டு. 1885இல் வந்த பெல்ஜியத்து இயேசு சபைக் குரு லீவன்ஸ், ஜமீன்தார்கள் போட்ட வழக்குகளின் காகிதங்களைப் படித்து முண்டா பழங்குடியினருக்கு யோசனை சொன்னார். பின்னால் வந்த அதே சபைக் குரு ஹாஃப்மன், 1908ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் உருவாகக் கை கொடுத்தார். அடுத்த வருஷமே கூட்டுறவுக் கடன் சங்கமும் தொடங்கினார். ஆதிவாசி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் இன்றும் ஓரளவு தடுப்பது அந்தச் சட்டம்தான். அதே மண்ணில்தான் சாய்பாசா மிஷன் பள்ளியில் படித்த பிர்சா முண்டா, பின்னால் வெள்ளையரை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தவர், அதைவிட்டு வெளியேறினார். வெள்ளை அதிகாரியும் பாதிரியும் ஒரே தொப்பி போட்டவர்கள் என்ற பேச்சு அவர் காலத்தில் எழுந்தது. 1900இல் ராஞ்சிச் சிறையில் இறந்தார். இரண்டு கதையையும் அங்குள்ள கிறிஸ்தவர்கள் சொல்வார்கள், பிர்சாவைச் சொல்லும்போது குரலில் பெருமை கூடவே இருக்கும்.

இன்றைய நிலைமை இன்னும் சிக்கல். ஒரே குடும்பத்தில் அண்ணன் சர்னா (ஆதிவாசிகளின் இயற்கை வழிபாட்டு மதம்), தம்பி கிறிஸ்தவர் என்பது சாதாரணம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சர்னாவுக்குத் தனி இடம் கேட்டு மாநிலச் சட்டமன்றம் 2020இல் தீர்மானம் போட்டது. இன்னொரு பக்கம், மதம் மாறியவர்களைப் பழங்குடிப் பட்டியலிலிருந்து நீக்கு என்ற கோரிக்கை. 2017இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் வேறு. இந்த நேரத்தில் நாம் 'அறுவடை', 'இத்தனை ஆத்துமாக்கள்' என்று படத்தோடு பத்திரிகையில் போடுகிறோம். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் கும்லாவுக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? நம் வாய்ச்சவடால் அங்கே குடியிருப்பவர் தலையில் விடிகிறது. இங்கே நமக்கு என்ன, மிஷனரி ஞாயிறு காணிக்கை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

அந்த ஊரில் வேலை இல்லாமல் இல்லை. கிராமத்துப் பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்கென்று டெல்லிக்கு ஏற்றிவிடும் தரகர்கள் அந்த வட்டாரத்தில் சகஜம். சம்பளமும் வராது, சில சமயம் பிள்ளையும் வராது. படிப்புக்காகக் கிராமத்திலிருந்து வந்து வாடகை அறையில் முடங்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். இவர்களோடு உள்ளூர்ச் சபைகள் ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. போகிறவர் அவர்களுக்குக் கீழே, அவர்கள் சொல்லும் வேலைக்குப் போகட்டும். அப்புறம், அதே ஜார்க்கண்ட் பிள்ளைகள் திருப்பூர் மில் விடுதிகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைக்கிறதா என்றாவது நம் சபைகள் விசாரித்ததுண்டா?

நமக்கு இது தெரியாத பாடமும் அல்ல. திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் 1903இல் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளை அசரியா. அவர் 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளை வைத்துக்கொண்டே, நீங்கள் நிறையக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அந்தப் பேச்சை நாம் ஆண்டுவிழாவில் பெருமையாகச் சொல்கிறோம். கும்லாவில் நம்மிடம் அதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

உங்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த சிறப்பிதழில் கும்லா பற்றி அந்த ஊர்ப் போதகர் ஒருவரையே எழுதச் சொல்லுங்கள். இந்தியில் எழுதினால் போதும், தமிழாக்க நானே உதவுகிறேன். நம்மைப் பற்றி அவர் எழுதுவது கசப்பாக இருந்தாலும் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை