போனஸ் கேட்டு வந்த சிப்பாய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை அமெரிக்காவோட 1929 பொருளாதார வீழ்ச்சி பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா ஷேர் மார்க்கெட்டோட முடிச்சிட்டீங்க, போர்ல இருந்து திரும்பின சிப்பாய்ங்க பத்தி ஒரு வரிகூட இல்லையேன்னு மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

முதல் உலகப் போருக்குப் போனவங்களுக்கு 1924ல போனஸ் பத்திரம் குடுத்தாங்க. உள்நாட்டுல இருந்த நாளுக்கு 1 டாலர், கடல் தாண்டிப் போன நாளுக்கு ஒன்னேகால் டாலர்னு கணக்கு, ஆனா முழுப்பணம் 1945லதான் கைக்கு வரும். 1932ல வேலையும் போயி புள்ளைங்க பட்டினி கிடக்கறப்ப இன்னும் பதிமூணு வருஷம் எப்படிங்க காத்திருப்பாங்க? ஆயிரக்கணக்குல வாஷிங்டன் வந்து அனகோஸ்டியா ஆத்தங்கரைல தகரம், பழைய பலகை, அட்டைன்னு குப்பைல கெடைச்சதை வச்சு குடிசை போட்டாங்க. கறுப்பரும் வெள்ளையரும் பக்கத்துப் பக்கத்துல. அப்போ ராணுவத்துலயே அது கிடையாது.

பணத்தை உடனே குடுக்கணும்ங்கற மசோதா கீழ்சபைல பாஸாகி மேல்சபையான செனட்ல தோத்துப்போச்சு. ஜூலை 28 அன்னிக்கு போலீஸ் சுட்டதுல ரெண்டு முன்னாள் சிப்பாய்ங்க செத்தாங்க. அப்புறம் ஜெனரல் மெக்கார்தர் குதிரைப்படை, டாங்கி, கண்ணீர்ப்புகையோட வந்து எல்லாரையும் விரட்டினார், ராத்திரி குடிசையெல்லாம் எரிஞ்சுது. தன் நாட்டுக்காக சண்டை போட்டவன் மேலயே டாங்கி விட்டது எனக்கு இன்னிக்கும் ஆறவே இல்ல.

பணம் 1936லதான் வந்துச்சு, அதுவும் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்து போட மறுத்த வீட்டோவை மீறி. அடுத்த வாரம் இவங்களைப் பத்தியும் ஒரு பக்கம் போடுங்க சார்.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்