தீர்மானம் போட்டது சரிதான்

அன்பு மக்கா,

கடிதம் கிடைத்தது. அம்மைக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழை விடாததால் ரப்பர் வெட்டு நின்றுபோய்க் கிடக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம்.

நீ எழுதியதில் ஒரு விஷயம் மனதைவிட்டுப் போகவில்லை. குறைந்த செலவில் இரண்டு வருடப் படிப்பும் தொழிற்பயிற்சியும் தருகிற சமுதாயக் கல்லூரிகளுக்கான பணத்தை மாநில அரசு குறைக்கக் கூடாது என்று உங்கள் நகர மன்றம் தீர்மானம் போட்டிருக்கிறது. பட்ஜெட் போடுவது மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில், இவர்கள் தீர்மானத்தை அங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டிருந்தாய். யாரும் படிக்காமலே போனாலும் போட்டது சரிதான் மக்கா.

கலிபோர்னியாவில் அந்தக் கல்லூரிகள் பெரும்பாலும் ஊர்மக்கள் கட்டிய சொத்துவரியில்தானே வளர்ந்தன? 1978-ல் மக்கள் ஓட்டுப்போட்டு நிறைவேற்றிய 13-வது முன்மொழிவு வந்து சொத்துவரியைச் சொத்து மதிப்பில் 1 சதவீதத்துக்குள் அடைத்த பிறகுதான் பெட்டிச்சாவி தலைநகருக்குப் போனது. நிர்வாகக் குழுவை இன்றும் ஊர்தான் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. எவ்வளவு பணம் என்பதை முடிவு செய்வது வேறிடம். கட்டணமும் அப்படியே. 1984 வரை அங்கே கட்டணமே கிடையாது. பாட அளவை அங்கே யூனிட் கணக்கில்தான் சொல்வார்கள்; ஒரு யூனிட்டுக்கு 20 டாலராக இருந்தது 2009-ல் 26 ஆனது, 2011-ல் 36, 2012-ல் 46. வேலை பறிபோனவர்கள் வேறு தொழில் படிக்கலாம் என்று வந்து நின்ற வருடங்கள் அவை. கட்டணத்தை ஏற்றியதோடு வகுப்புகளையும் வெட்டினார்கள். சுமார் 5 லட்சம் மாணவர்கள் குறைந்துபோனார்கள். அரசுக்கு வருமானம் குறையும் வருடத்தில்தான் இந்தக் கல்லூரிகளுக்கு ஆள் கூடுதலாக வரும். அந்த நேரம் பார்த்துக் கைவைப்பது பெரிய அநியாயம். பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு ராத்திரி வகுப்புக்கு வருகிற பெண்ணுக்காகத் தலைநகரில் பேச ஆளில்லை. அவளை முகம் பார்த்துத் தெரிந்த ஊர் மன்றம்தான் பேச வேண்டும்.

நம் பக்கத்தை நினைத்துப் பார். சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை மாற்றி வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பெண்களால் நின்ற பள்ளிக்கூடங்கள் இங்கே எத்தனை! உன் பாட்டியும் பிடியரிசி எடுத்தவள்தானே. பிறகு உதவிபெறும் பள்ளி, கல்லூரிகளுக்கு அரசு சம்பளம் கொடுத்தது. நல்ல காரியம், அதனால்தான் நாமும் படித்தோம். ஆனால் 90களுக்குப் பிறகு புதிய பாடப்பிரிவு என்றாலே சுயநிதி என்றாகிவிட்டது. ஒரே வராந்தாவில் இந்த அறைப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், அடுத்த அறைப் பிள்ளைக்குப் பல மடங்கு. ரப்பர் வெட்டுகிறவனும் கடலுக்குப் போகிறவனும் அதற்குத்தான் வட்டிக்கு வாங்குகிறார்கள். உங்களுக்கு நடந்தது வெட்டு என்று வெளியே தெரிகிறது. இங்கே அது சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிட்டது.

இதற்கு எதிராக எந்தப் பஞ்சாயத்தும் தீர்மானம் போட்டதாக நான் கேட்டதில்லை. அரசியல் சட்டத்தின் 11-வது அட்டவணையில் பஞ்சாயத்துக்குரிய 29 பொருள்களில் 17-வது பள்ளிக்கல்வி, 18-வது தொழிற்பயிற்சி. எழுதி வைத்திருக்கிறார்கள், அதிகாரம்தான் இறங்கி வரவில்லை. கேட்காமல் எப்படி வரும்? அக்டோபர் 2 கிராம சபையில் இதைக் கிளப்பலாம் என்றிருக்கிறேன். சுயநிதி வகுப்புகளுக்கும் அரசு உதவி வேண்டும் என்று ஒரு வரியாவது பதிவேட்டில் ஏற வேண்டும்.

அதற்கு முன்னால் உங்கள் தீர்மானத்தின் நகலை அனுப்பிவை. என்னென்ன காரணம் காட்டினார்கள், எத்தனை பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள் என்று கணக்குச் சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு நீயும் போ. பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள் அல்லவா? மைனி அந்தக் கல்லூரியில் படித்துத்தானே வேலைக்குப் போனார்கள். அவர்களையே பேசச் சொல்.

உன் கூட்டுக்காரன்