கடிதம் எழுதியவர் மட்டும் வெளியே நிற்கிறார்

கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் புகழ் அரங்கத்தில் இன்னும் இடம் கிடைக்காத பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட்டுக்காக எழுதுகிறேன்.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி ஃபிளட்டையும் வேறு சிலரையும் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து டிக் ஆலனை வாங்கிக்கொண்டது. ஃபிளட்டை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அன்று இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அணி அதைத் தானாகவே நீட்டித்துக்கொள்ளலாம். விற்கும்வரை, விடுவிக்கும்வரை ஆட்டக்காரர் அந்த அணிக்கே கட்டுப்பட்டவர். வழக்குப் போட்டால் தோற்பாய், ஆட்ட வாழ்க்கையும் போய்விடும் என்று ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் எச்சரித்தார். அதைத் தெரிந்துகொண்டேதான் டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு ஃபிளட் கடிதம் எழுதினார்: பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய பிறகு, என் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கி விற்கப்படும் சொத்தாக என்னை நான் கருதவில்லை என்று.

அந்தக் கடிதத்தைப் பெற்ற கூன் இன்று உங்கள் அரங்கத்தில் இருக்கிறார். எச்சரித்த மில்லர் இருக்கிறார். 2024 டிசம்பரில் ஆலனையும் தேர்ந்தெடுத்தீர்கள். அவருக்கு அது முன்பே கிடைத்திருக்க வேண்டிய மரியாதை. கடிதத்தை எழுதியவருக்கு மட்டும் இடமில்லை.

எண்கள் போதாது என்பீர்கள். 1,861 ஹிட் (அடித்து பேஸை எட்டியவை), .293 பேட்டிங் சராசரி. இவை மட்டும் ஒருவரை உள்ளே கொண்டுவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடிதம் எழுதியபோது அவருக்கு 31 வயதுதான். 1970 முழுக்க அவர் ஆடவில்லை. 1971இல் வாஷிங்டனுக்காக 13 ஆட்டங்கள், அத்தோடு சரி. ஆடியிருக்க வேண்டிய ஆண்டுகளை விலையாகக் கொடுத்தவரிடம் அந்த ஆண்டுகளின் ஹிட் எங்கே என்று கேட்பது எப்படி நியாயம்?

ஆடிய காலத்தில் என்ன குறை? பெரும் சென்டர் ஃபீல்டர் வில்லி மேஸ் ஆடிய அதே லீகில், 1963 முதல் 1969 வரை வரிசையாக ஏழு கோல்ட் க்ளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது). 1966 சீசன் முழுக்க ஃபீல்டிங்கில் ஒரு பிழைகூட இல்லை. 1964, 1967 வேர்ல்ட் சீரிஸ் வென்ற அணிகளின் சென்டர் ஃபீல்டில் நின்றவர் அவர்தான்.

அந்த ஒப்பந்த முறையை எதிர்த்து ஃபிளட் தொடுத்த வழக்கின் விசாரணையில், ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களான ஜாக்கி ராபின்சனும் ஹாங்க் கிரீன்பெர்க்கும் வந்து சாட்சி சொன்னார்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட வரவில்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்றே ஆண்டுகளில், வேறு இரண்டு பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) தொடுத்த முறையீட்டில், ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் மத்தியஸ்தர் அந்தப் பழைய கட்டை அவிழ்த்துவிட்டார். அதன் பலனை அனுபவிக்க ஃபிளட் ஆட்டத்தில் இல்லை. 1997 ஜனவரியில், 59 வயதில், தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது.

சட்டத்துக்கே பெயர் கொடுத்தவருக்கு உங்கள் சுவரில் ஒரு வெண்கலப் பட்டயம் கிடையாதா?

உங்கள் குழுவில் 16 பேர். 12 வாக்குகள் போதும். பழைய தலைமுறை ஆட்டக்காரர்களுக்காக அடுத்து நீங்கள் கூடும்போது அவர் பெயர் பட்டியலில் வரட்டும்; அவருக்கு வாக்களியுங்கள். பட்டயத்தில் ஏழு கோல்ட் க்ளவ்களோடு 1969 டிசம்பர் 24 என்ற தேதியையும் பொறியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் ரசிகன்