செப்டம்பரில் விற்ற வெள்ளை ட்ரஃபிள் விருந்து: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இத்தாலி லாங்கே உணவு, ஒயின் பயணம் (2025 செப்டம்பர் முதல் வாரம்) – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பியட்மாண்ட் மாநிலத்தின் லாங்கே குன்றுகளுக்கான பயணத்தைத் தாங்கள் மூன்று வாக்குறுதிகளோடு விற்றீர்கள்: ஆல்பா வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் மணமுள்ள காளான் வகை) விருந்து, பரோலோ ஒயின் சுவைப்பு, நெபியோலோ திராட்சை அறுவடை. மூன்றும் கிடைக்கவில்லை. அந்த வாரத்தில் முதலாவதும் கடைசியும் கிடைக்க வழியே இல்லை என்பது தேதி குறித்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளை ட்ரஃபிள் அக்டோபர் முதல் ஜனவரி வரை கிடைப்பது. மேசைக்கு வந்ததோ கோடைக்காலக் கறுப்பு ட்ரஃபிள். அதன் தோல் கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும், வெட்டினால் பழுப்பில் வெள்ளைக் கோடுகள் ஓடும். வெள்ளை ட்ரஃபிளின் தோல் வெளிர்மஞ்சள், வழவழப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது. கறுப்பில் மணம் குறைவு என்பதால் தயரீன் என்ற பாஸ்தா மேல் ட்ரஃபிள் எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தார்கள். இத்தகைய எண்ணெய்களில் பெரும்பாலானவற்றின் வாசனை 2,4-டைதயாபென்டேன் என்ற சேர்மத்தை ஆலையில் தயாரித்துச் சேர்ப்பதால் வருவது. தயரீன் பாவம்! கிலோ மாவுக்கு முப்பது மஞ்சள்கரு வரை சேர்த்துப் பிசையும் அந்த மெல்லிய பாஸ்தாவுக்கு வெண்ணெயே போதும். வெள்ளை ட்ரஃபிளைச் சமைப்பதில்லை. கண்முன்னே பச்சையாகச் சீவிப் போட்டு, சீவுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு, கிராம் கணக்கில் காசு வாங்குவார்கள். இங்கே தராசையே காணோம்.

சுவைப்பில் ஊற்றியது 2023 அறுவடையின் லாங்கே நெபியோலோ. "இரண்டும் ஒரே திராட்சைதான்" என்றார் வழிகாட்டி. திராட்சை ஒன்றுதான், ஆனால் சட்டம் வேறு. பரோலோ முழுக்க நெபியோலோவாக இருக்க வேண்டும், 11 ஊர்களின் எல்லைக்குள் விளைய வேண்டும், அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி 38 மாதம் முதிர வேண்டும். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அந்தக் கணக்கில் 2023 பரோலோ 2027 ஜனவரிக்கு முன் விற்பனைக்கே வராது. லாங்கே நெபியோலோ நல்ல ஒயின்தான், விலையும் குறைவு. பரோலோவின் காசுக்கு அதைக் கொடுத்ததுதான் குறை.

அறுவடை என்று அழைத்துச் சென்று பறிக்கக் கொடுத்தது மொஸ்காட்டோ என்ற வேறு திராட்சை. நெபியோலோ அங்கே கடைசியில் பழுக்கும் வகை, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை பறிப்பார்கள்.

ரசீதில் தனியாகக் காட்டியுள்ள ட்ரஃபிள் விருந்து, பரோலோ சுவைப்பு ஆகியவற்றின் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தரவும். இனி விளம்பரத்தில் ட்ரஃபிளின் வகையையும் ஒயினின் அறுவடை ஆண்டையும் குறிப்பிடவும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் ரசீது, பயணத் திட்டம், தட்டையும் பாட்டிலையும் எடுத்த படங்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவோம்.

இப்படிக்கு,
பயணக் குழுவினர் நால்வர்

இணைப்பு: ரசீது நகல், விளம்பரத் தாள், ஆறு படங்கள்