கானல் நீர் கண்ணின் பிழை அன்று
ஐயா,

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை செல்லும் சாலையில் உச்சிவெயிலில் தெரியும் கானல் நீரைக் 'கண் மயக்கம்' என்றே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். இது தவறு. தார்ச்சாலையை ஒட்டிய காற்று சூடேறி அடர்த்தி குறைவதால், வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி மேல்நோக்கி வளைந்து கண்ணை அடைகிறது. தண்ணீராகத் தெரிவது வானத்தின் பிம்பம். அது கேமராவிலும் பதியும்!

மயக்கம் என்றால் அக்னி தீர்த்தக் கரையில் பாருங்கள். கடலிலிருந்து எழும் முழுநிலா பெரிதாகத் தெரிவது மனத்தின் வேலை. அதையும் உச்சிக்கு வந்த நிலவையும் ஒரே லென்சில் படமெடுத்தால் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். எத்தனை அருமையான பாடம் இது!

சுற்றுலாப் பயணிகள் குவியும் அரிச்சல்முனையில் இவற்றை எளிய தமிழில் விளக்கும் பலகை ஒன்றை மாவட்ட நிர்வாகம் வைக்க வேண்டும்.

– வாசகர், ராமேஸ்வரம்