நடை சாத்தலாம், மண்டபத்தைச் சாத்த வேண்டாம்

பிரித்தானியாவில் உள்ள தமிழ்க் கோயில்களின் அறங்காவலர் சபையினருக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் மின்சாரத்துக்கும் காஸுக்கும் காசு போடச் சிரமப்படும் நம்மவர்களுக்காகக் கோயில் மண்டபத்தில் ஒரு அறையைத் திறந்து வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் போய் அவருக்கு வந்த கடிதங்களை வாசித்துச் சொல்வேன். 2023 ஜூலையில் அவருடைய மேசை லாச்சியை ஒழுங்குபடுத்தியபோது பிரிக்காத உறைகள் சில கிடைத்தன. விளம்பரம் என்று நினைத்து வைத்துவிட்டாராம். முந்தைய குளிர்காலத்தில் வீட்டுக்கு 400 பவுண் என்று அரசாங்கம் கொடுத்த மின்கட்டண உதவிதான் அது. திறப்பில், அதாவது சாவியில், காசு ஏற்றும் பழைய மீற்றர் உள்ள வீடுகளுக்கு மாதாமாதம் வவுச்சராக வந்தது. கடைக்கோ தபால் கந்தோருக்கோ கொண்டுபோய் ஏற்ற வேண்டும். கடைசி நாள் ஜூன் 30. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் வீட்டுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு லைட்டின் கீழ் இருந்தவர்.

அதே அம்மா ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கோயிலுக்குப் போகாமல் விட்டதில்லை. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். அவரும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடலைக் கவுன்சிலுக்கோ எம்.பி.க்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

முன்கூட்டிக் காசு போடும் மீற்றரில் கரண்டை வெட்ட ஒருவரும் வீட்டுக்கு வருவதில்லை. காசு முடிந்தால் கொஞ்சம் அவசரக் கடன் தரும், அதுவும் முடிந்தால் தானாக நிற்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது. பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் ஸ்டாண்டிங் சார்ஜ் என்ற நாள் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரத்துக்கும் காஸுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் பவுணுக்கு மேல் வரும். கோடையில் காஸ் மீற்றரைத் தொடாமல் விட்டு மிச்சம் பிடித்ததாக நினைப்பவர்கள், ஐப்பசியில் குளிர் தொடங்கியதும் 20 பவுண் போட்டுவிட்டு, ஹீட்டிங் வேலை செய்யவில்லையே என்று திகைத்து நிற்பார்கள். போட்ட காசை மூன்று நாலு மாதச் சார்ஜ் விழுங்கியிருக்கும். கோடையிலும் வாரம் இரண்டரைப் பவுண் போட்டு வைத்தால் இந்த நிலை வராது. இதைத் தமிழில் ஒரு தரம் சொல்ல ஆள் இருந்தால் போதும்.

வருமானம் குறைந்தவர்களின் மின்கட்டணத்தில் 150 பவுண் கழிக்கும் வோர்ம் ஹோம் டிஸ்கவுன்ட் என்ற அரசாங்கத் திட்டத்தின் கதையும் அப்படித்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தகுதி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே கழியும். ஆனால் உதவிப்பணம் எடுப்பவரின் பெயரோ அவருடைய துணையின் பெயரோ மின்கணக்கில் இருக்க வேண்டும். நம்முடைய வீடுகளில் பில் மகன் பெயரில் இருக்கும், வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், முன்பு குடியிருந்தவர் பெயரில்கூட இருக்கும். ஒரு போன் எடுத்தால் சரிசெய்யக்கூடிய விஷயம். ஆங்கிலத்தில் அந்தப் போனை எடுக்கத்தான் அவர்களுக்குப் பயம்.

இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸுக்குப் போங்கள், உணவு வங்கிக்குப் போங்கள் என்றால் நம் ஆட்கள் போகமாட்டார்கள். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் பசியைவிடப் பெரிதாக நிற்கிறது. கோயிலுக்கு வருவதில் அந்தக் கூச்சம் இல்லை. மண்டபம் உங்களிடம் இருக்கிறது. சமையலறை, மொழி தெரிந்த தொண்டர்கள், சனங்களின் நம்பிக்கை எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் ஊருக்கு நீங்கள் அனுப்பிய உதவியை நான் மறக்கவில்லை. அதே கை இங்கே நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்கும் நீள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

குளிர்காலத்தில் மதியப் பூசை முடிந்ததும் பெரும்பாலான கோயில்கள் பூட்டப்படுகின்றன. மாலையில்தான் மறுபடி திறக்கிறீர்கள். நடை சாத்துவது ஆகம முறை, அதை மாற்றச் சொல்லவில்லை. மண்டபத்தில் ஒரு அறையையாவது அந்த இடைநேரத்தில் திறந்து வையுங்கள். பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்களில் வயதானவர்கள் ஹீட்டரைப் போடாமல் போர்வைக்குள் இருப்பது அந்த நேரத்தில்தான். வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை சூடு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் போகும் சில வீடுகளில் மூச்சு விட்டால் புகை தெரிகிறது. 2022 குளிர்காலத்தில் எத்தனையோ தேவாலயங்களும் நூலகங்களும் தேநீரோடு கதவைத் திறந்து வைத்தன. நம் கோயில்கள் சிலவும் ஒரு காலத்தில் கிறிஸ்தவ சபைகளின் மண்டபங்களாக இருந்த கட்டடங்கள்தானே.

அப்புறம், பணம். பூசைக்கு உபயம் ஏற்கிறீர்கள், அன்னதானத்துக்கு ஏற்கிறீர்கள். மீற்றருக்கும் ஒரு உபயம் வையுங்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு, அப்பாவின் திவசத்துக்கு என்று கொடுக்க ஆட்கள் வருவார்கள். யாருக்குப் போகிறது என்பது மட்டும் வெளியில் வரக் கூடாது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் வளர்ந்தவர்களுக்கு வின்சன்ட் டி போல் சபையைத் தெரியும். 1833இல் பாரிஸில் தொடங்கிய நாளிலிருந்து ஏழைகளை வரிசையில் நிற்க வைக்காமல் வீடு தேடிப் போவது அவர்கள் வழக்கம். நாமும் அப்படிச் செய்யலாம். காசு ஏற்றும் மூலைக்கடைகள் பல நம்மவர்கள் கையில் இருக்கின்றன. இரண்டு நாளுக்கு ஒரு தரம் ஐந்து பவுண் ஏற்ற வருபவர் யார் என்று கல்லாவில் நிற்பவருக்குத் தெரியும். அந்தக் கடைக்காரர்களில் பலர் உங்கள் உபயகாரர்கள். கேட்டு வருபவர் சம்மதித்தால், கடையில் ஏற்றிவிட்டுக் கோயிலில் கணக்கு முடிக்கலாம்.

உங்கள் தயக்கங்களையும் நான் சிலரிடம் கேட்டிருக்கிறேன். கோயிலின் சொந்த பில்லே பெரிது என்கிறீர்கள். உண்மைதான், வீடுகளுக்கு இருக்கும் விலை வரம்பு கோயிலுக்கு இல்லை. அதனால்தான் ஒரு அறை போதும் என்கிறேன். கோயிலின் யாப்பு, அதாவது அமைப்பு விதிகள், இடம் தராது என்பவர்கள் தயவுசெய்து அதை எடுத்து ஒரு தரம் வாசியுங்கள். வறுமை நிவாரணம் சட்டப்படி ஒரு அறப்பணி நோக்கம், உங்கள் யாப்பிலேயே இருக்கவும் கூடும். இல்லாவிட்டால் சேர்க்க வழி உண்டா என்று கேட்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: கடனை எப்படிக் கட்டுவது என்று ஆலோசனை சொல்ல இந்த நாட்டில் அனுமதி தேவை. அதைத் தொண்டர்கள் செய்யக் கூடாது. கடிதத்தை வாசித்து, போனில் மொழிபெயர்த்து, சரியான இடத்துக்குக் கூடப் போவதே பெரிய உதவி.

எங்கள் பகுதிக் கோயிலில் தொடங்குவதற்கு ஆட்கள் தயார். நானும் இன்னும் மூன்று பேரும் செவ்வாய்க்கிழமைகளில் மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை இருப்போம். ஒரு மேசை, நாலைந்து கதிரை, தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கெட்டில் வேண்டும். கந்த சஷ்டிக்கு முன் மண்டபத் திறப்பை யாரிடம் வாங்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோயில் மண்டபத்தில் தமிழ் படித்து வளர்ந்த ஒருத்தி